பரிசல் போகும் வழியில் கப்பல் போகாது

சேலம் மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனால் சின்னப் படகு பெரிய கப்பலை எப்படிச் சாய்க்கும் என்று புரிந்துகொள்ள மேட்டூர் அணைப்பக்கம் போனாலே போதும். அணை நிரம்பியிருந்தால் பண்ணவாடி பரிசல் துறையில் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. நீர்மட்டம் இறங்க இறங்க ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். அணை இறங்க மாதக்கணக்காகும். கடலுக்குச் சில மணி நேரம் போதும்.

1288இல் வடக்கு வியட்நாமின் பாக் டாங் ஆற்றில் நடந்தது அதுதான். உணவுக் கப்பல்களை இழந்த, சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் வம்சத்தின் படை, ஆற்றுவழியே கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வியட்நாம் தளபதி டிரான் ஹுங் தாவ் முன்கூட்டியே ஆற்றுப்படுகையில் கூராகச் சீவிய மரத்தடிகளை நட்டு வைத்திருந்தார். ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறியதும் தடிகள் மூழ்கிவிட்டன. சின்னப் படகுகள் வந்து சண்டையிட்டன, தோற்றதுபோல் ஓடின. கப்பல்கள் துரத்தின. ஓதம் இறங்கியதும் தடிகளில் மாட்டிக்கொண்டன.

படகுகள் ஏன் சிக்கவில்லை? தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும்வரைதான் எந்தக் கலமும் அமிழும். தட்டையான அடியும் இரண்டரை மீட்டர் விட்டமும் கொண்ட பரிசலில் ஆட்களோடு சேர்த்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். ஆக 10 சென்டிமீட்டர்தான் அமிழும், அரைச் சாண்! ஆட்களும் ஆயுதங்களும் ஏற்றிய போர்க்கப்பல் அதைவிடப் பல மடங்கு ஆழம் கேட்கும். வற்றும் நீரோடு கடலை நோக்கிப் போகிற அந்தக் கனத்தைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது.

இதில் நான் ரசிப்பது அந்த ஊர் ஓதத்தைத்தான். நம் சென்னைக் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், அதுவும் ஏறக்குறைய ஒரு மீட்டர். பாக் டாங் ஆறு கலக்கும் டோங்கின் வளைகுடாவிலோ பெரும்பாலும் ஒரே முறை. சில நாட்களில் மூன்று மீட்டருக்கும் மேல். அமாவாசை, பௌர்ணமி கணக்கும் அங்கே அப்படியே எடுபடாது. நிலா வான நடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ அதிகம் விலகும் நாட்களையொட்டித்தான் ஓதம் பெரிதாகும். தடியில் மாட்டிய கப்பலை அடுத்த ஏற்றம் தூக்கிவிட அரை நாளாவது ஆகும். அதற்குள் படகுகள் திரும்பி வந்துவிட்டன. யுவான் கடற்படைத் தளபதி ஓமர் பிடிபட்டார்.

இத்தனைக்கும் 938இல் இதே ஆற்றில் இதே வித்தையால் சீனாவின் தெற்கு ஹான் அரசின் கடற்படையை வியட்நாம் தலைவர் ங்கோ குயென் முடித்திருந்தார். மங்கோலியர்கள் உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரையாவது விசாரித்திருக்கலாம்.

சரி, எல்லா இடத்திலும் இது பலிக்குமா என்றால், இல்லை. ஆழ்கடலில் தடி நட இடமில்லை. அங்கே உயரமான தளத்திலிருந்து அம்பு விடுகிறவன் கைதான் ஓங்கும்.