மாத்திரை டப்பாவில் பதினொன்று

போன குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஹோண்டுராஸிலிருந்து வந்த அம்மா ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து ஆரஞ்சு நிற மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். ரத்த அழுத்தத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. லேபிளில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "மாயெஸ்த்ரா (டீச்சர்), ஓன்ஸே?" என்றார்.

'ஒன்ஸ் எ டே' என்று அச்சடித்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஆங்கிலத்து 'ஒன்ஸ்' எழுதப்படும் அதே நான்கு எழுத்துகள் அதே வரிசையில் ஸ்பானிஷிலும் ஒரு சொல். அதை 'ஓன்ஸே' என்று படிப்பார்கள். பொருள், பதினொன்று. நாளைக்குப் பதினொரு மாத்திரையா என்று பயந்து இரண்டு நாளாக அவர் ஒன்றுகூடப் போடவில்லை. பதினொன்றையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் நெஞ்சு பதறுகிறது.

மருந்துக் கடையிலேயே கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்கத்தான் நினைத்தேன். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை" என்றார்.

நியூஜெர்சியின் பெர்த் ஆம்பாயில் பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களில் பலர் டொமினிகன் குடியரசு, மெக்ஸிகோ, ஹோண்டுராஸ் நாடுகளிலிருந்து வந்தவர்கள். பகலில் கிடங்குகளில் பெட்டி அடுக்குவார்கள், உணவகங்களில் பாத்திரம் கழுவுவார்கள், வீடுகளைத் துப்புரவு செய்வார்கள். தக்காளி, கதவு, வாளி, சம்பளம் என்று எந்தப் பொருளைக் காட்டினாலும் அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிடுகிற பலரால் ஒரு கேள்வியை முழுதாகக் கேட்க முடிவதில்லை. பொருள்களின் பெயர்களில் பாடத்தைத் தொடங்கிக் கேள்விகளைக் கடைசியில் வைக்கும் வழக்கம் தவறு என்பது என் உறுதியான எண்ணம். வேற்றுமொழி ஊரில் பிழைக்க வந்தவருக்கு முதலில் வேண்டியது கேட்கத் தெரிவதுதான். மற்றச் சொற்களைக் கேட்டுக் கேட்டே சேர்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்பதை அவர்கள் மொழியிலிருந்து பார்த்தால் புரியும். ஸ்பானிஷில் 'நீ ஆங்கிலம் பேசுகிறாய்' என்ற வாக்கியத்தின் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், குரலை மட்டும் உயர்த்தினால் அது கேள்வி. தமிழில் நாம் கடைசியில் ஒரு 'ஆ' சேர்க்கிறோம். அவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆனால் எழுதும்போது இது இடைஞ்சல். நீளமான வாக்கியம் கேள்வி என்பது கடைசியில்தான் தெரியவரும். அதனால்தான் ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் 1754-ல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில், கேள்வியின் தொடக்கத்திலேயே தலைகீழ்க் கேள்விக்குறி ஒன்றைப் போடச் சொன்னது.

இந்தக் குறியை நான் வகுப்பில் விடாமல் பயன்படுத்துகிறேன். ஒரு அட்டையின் ஒரு பக்கம் தலைகீழ்க் கேள்விக்குறி, மறுபக்கம் 'டூ' (do). "ஆங்கிலத்தில் இந்தக் குறியை வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பெயர் டூ" என்று அட்டையைத் திருப்பிக் காட்டுவேன். துணைவினை, இடமாற்றம் என்று இலக்கணப் பெயர்களைச் சொல்லி விளக்கிய காலத்தில் கண்கள் சொக்கின. இந்த அட்டையைப் பார்த்ததும் முதுகு நிமிர்கிறது. இரண்டாவது அட்டையில் 'டிட்' இருக்கும். அது இன்னும் முக்கியம்.

ஏன் என்றால், குரலை உயர்த்திக் கேட்கும் கேள்வி நிகழ்காலத்தில் எப்படியோ ஒப்பேறிவிடும். "யூ ஹேவ் மில்க்?" என்றால் கடைக்காரர் பாலை எடுத்துக் கொடுத்துவிடுவார். அமெரிக்கர்களே அப்படிக் கேட்பதுண்டு. கடந்த காலத்தில்தான் சிக்கல் வரும். என் மாணவி ஒருவர், மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு அழைத்துவரப் போயிருந்தார். அலுவலகத்தில் "யூ கால் மை ஹஸ்பெண்ட்?" என்று கேட்டார். 'என் கணவருக்கும் சொல்லிவிட்டீர்களா?' என்பது அவர் மனதில் இருந்தது. ஸ்பானிஷில் வினைச்சொல்லின் விகுதியே காலத்தைக் காட்டிவிடும், தனிச் சொல் தேவையில்லை. எதிரே இருந்தவருக்கோ அது 'என் கணவரைக் கூப்பிடுங்கள்' என்று பட்டது. கூப்பிட்டுவிட்டார். கணவர் பள்ளியிலிருந்து அழைப்பு என்றதும் குழந்தைக்கு என்னவோ என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அரை நாள் சம்பளம் போயிற்று. விடுபட்டது 'டிட்' என்ற ஒரு சொல்.

இதைப் பழகியதும் சிலர் "டிட் யூ கால்ட்?" என்று காலத்தை இரண்டு தடவை ஏற்றுவார்கள். அதை நான் உடனே திருத்துவதில்லை. எதிராளிக்குப் பொருள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆறு மாதம் போனால் தானாக உதிரும். ஒவ்வொரு வாக்கியத்திலும் குறுக்கே விழுந்து திருத்தினால், நாற்பது வயதில் கூச்சத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் மூன்றாவது வாரம் வருவதை நிறுத்திவிடுவார். அப்படி நான் இழந்த மாணவர்கள் உண்டு.

'யார்' கேள்வியில் தமிழரான எனக்கு ஒரு வசதி. 'யார் கூப்பிட்டது?', 'யாரைக் கூப்பிட்டீர்கள்?' என்று நாம் ஓர் 'ஐ'யால் பிரித்துவிடுகிறோம். ஸ்பானிஷிலும் அதே வேலைக்கு 'ஆ' என்ற சின்ன முன்னொட்டு இருக்கிறது: 'கியென்' என்றால் யார், 'ஆ கியென்' என்றால் யாரை. ஆங்கிலப் பேச்சில் இரண்டுக்கும் 'ஹூ' ஒன்றே. "ஹூ கால்ட் யூ?", "ஹூ டிட் யூ கால்?" என்று சொல்வரிசையும் அந்த 'டிட்'டும்தான் பிரிக்க வேண்டும். இது எனக்கே பள்ளியில் தடுக்கிய இடம் என்பதால், இங்கே மட்டும் ஒரு முழு வகுப்பைச் செலவழிப்பேன்.

ஏன் என்று கேட்டால் "ஒய் ஐ வாஸ் சிக்" என்று பதில் வரும். ஸ்பானிஷில் 'ஏன்' என்பதும் 'ஏனென்றால்' என்பதும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல 'போர்க்கே'. இரண்டுக்கும் 'ஒய்' போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மருத்துவரிடம் தடுக்குவது 'ஹவ் லாங்'. எத்தனை நாளாக வலி என்ற கேள்விக்கு "த்ரீ டேஸ் எகோ" என்பார்கள். மூன்று நாளாக இருக்கிறது என்பதற்கும் மூன்று நாளுக்கு முன் இருந்தது என்பதற்கும் ஸ்பானிஷில் 'ஆஸே த்ரேஸ் தியாஸ்' என்ற ஒரே தொடர் வந்துவிடும். கேட்கும் மருத்துவர், வலி வந்து போய்விட்டது என்று எழுதிக்கொள்வார். அதனால் "ஸ்டில் நவ்" என்பதைச் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறேன்.

இனி சொற்கள். தெரியாத சொல்லைப் பார்த்தால் யாரும் நின்று கேட்பார்கள். தெரிந்ததுபோல் முகம் காட்டும் சொல்தான் கேட்கவிடாமல் செய்துவிடும். ஸ்பானிஷ் 'ரோப்பா' ஆங்கில 'ரோப்' போலக் கயிறு அல்ல, துணி. 'சோப்பா' சோப்பு அல்ல, சூப். 'பாரியெந்தெஸ்' என்றால் உறவினர்கள்; பள்ளிப் படிவத்தில் 'பேரன்ட்ஸ்' என்ற இடத்தில் மாமா பெயரை எழுதிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். 'எம்பராசாதா' கர்ப்பிணி, வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல வந்த ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கம் வழுக்கி விழுவார்கள்.

'இன்டாக்ஸிகாதோ' மட்டும் சிரித்துவிட்டுக் கடக்கக் கூடிய சொல் அல்ல. 1980-ல் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபக் குடும்பம். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று விழுந்தது. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை. அளவுக்கு மீறிய போதைமருந்து என்று சிகிச்சை நடக்க, மூளையில் இருந்த ரத்தக்கசிவு கவனிக்கப்படவில்லை. அவருக்குக் கைகால்கள் செயலிழந்தன. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. 'என்ன சாப்பிட்டான்? எப்போது?' என்று அந்தச் சொல்லைத் தோண்டிப் பார்க்கும் கேள்வியை யாரும் கேட்காமல் போனார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வரும் கடமை இது. பத்து வயதுப் பிள்ளையை அம்மாவின் வயிற்றுவலிக்கு மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது, உயிர் போகும் அவசரத்தைத் தவிர, விதிகளுக்குப் புறம்பானது. இது தெரியாத பெற்றோர் ஏராளம். "ஐ நீட் ஆன் இன்டர்ப்ரெட்டர்" என்ற வாக்கியத்தை முதல் வாரமே மனப்பாடம் செய்ய வைப்பது இதற்காக.

அமெரிக்கக் குடிமகனாக விண்ணப்பிப்பவர்களுக்கு வேறு மலைப்பு. நேர்காணலில் படிவத்திலிருந்து "ஹேவ் யூ எவர்..." என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். 'ஹேவ்' என்றால் 'என்னிடம் இருக்கிறது' என்று மட்டும் பழகியவர்களுக்கு, 'எப்போதாவது செய்திருக்கிறீர்களா' என்பது காதில் ஏறாது. புரியாமல் 'யெஸ்' என்று தலையாட்டிவிட்டால் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதிகாரி கேள்வியைத் திரும்பச் சொல்லலாம், வேறு சொற்களில் மாற்றியும் கேட்கலாம். கேட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

பக்கத்து எடிசனில் நம்மவர்கள் நிறைய. உங்கள் வீட்டைத் துப்புரவு செய்ய வருபவரோ, உணவக அடுக்களையில் உங்களோடு நிற்பவரோ ஸ்பானிஷ்காரராக இருக்கலாம். "அண்டர்ஸ்டாண்ட்?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். மரியாதைக்காகவே 'யெஸ்' வரும். எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு அமிலக் கலவையை ஊற்றப் போகிறீர்கள், எந்த வாளியில் என்று கேளுங்கள். அவர் செய்து காட்டட்டும்.

அந்த அம்மாவுக்கு 'ஒன்ஸ்' என்றால் ஒரு தடவை என்று அன்றே சொல்லிவிட்டேன். ஆனாலும் மருந்துக் கடையில் நீங்களே ஒருமுறை கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று, "ஹவ் மெனி டைம்ஸ் எ டே?" என்பதை மேசையில் தட்டித் தட்டிப் பத்து தடவை சொல்ல வைத்தேன். மறுவாரம் டப்பாவோடு வந்தார். கவுன்ட்டருக்குப் போனதும் பாதி மறந்துவிட்டதாம். "மெனி டைம்ஸ் டே?" என்று கேட்டிருக்கிறார். மருந்தாளர் டப்பாவை வாங்கி, மூடியின் மேல் கறுப்பு மையால் பெரிதாக 1 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சூரியனையும் வரைந்து கொடுத்திருந்தார்.