பெற்றோரின் சொந்த நேரம்: பொறுப்பு கைமாறாமல் ஓய்வு கிடைப்பதில்லை

பெற்றோருக்கு ஆலோசனை வழங்கும்போது, முதல் அமர்விலேயே ஒரு வெள்ளைத் தாளில் முந்தைய நாளை 24 கட்டங்களாக வரைந்து கொடுப்பது என் வழக்கம். யாரும் தங்களைக் கூப்பிட முடியாதிருந்த நேரம் எது என்று பென்சிலால் குறித்துக் காட்டச் சொல்வேன். ஓய்வு நேரம் எது என்று கேட்பதில்லை; அப்படிக் கேட்டால், துணி மடித்த நேரத்தைக்கூடப் பலர் ஓய்வுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மூன்று வயதில் ஒன்றும் ஏழு மாதத்தில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகளை வளர்க்கும் ஒரு தாய், தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலை ஆறு மணிக் கட்டத்தின் ஓரத்தில் சிறிய கோடு ஒன்றைப் போட்டார். குளிக்கப் போன நேரம் என்றார். சற்று யோசித்தபின் ரப்பரை வாங்கி அதையும் அழித்தார். "நடுவில பெரியவன் வந்து கதவைத் தட்டினான், மேடம்."

அதே நாளில் அவருடைய கணவர் மாலை ஆறு மணி முதல் வீட்டில்தான் இருந்திருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு மேல் இரு குழந்தைகளும் தூங்கிவிட்டன. கடிகாரப்படி பார்த்தால் அந்தத் தாய்க்கு நேரம் இருந்தது. ஆனால் குழந்தை எப்போது விழிக்கும், பால் புட்டி கழுவியாயிற்றா, நாளை மறுநாள் தடுப்பூசித் தேதியா என்ற கணக்கு முழுவதும் அவர் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. சொந்த நேரம் வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் குறைவது மணித்துளிகள் அல்ல; தம் பொறுப்பை வேறொருவர் முழுமையாக ஏற்றுக்கொண்டிருக்கும் நேரமே குறைகிறது. காதுகள் பக்கத்து அறையில் இருக்கும்வரை, உடல் எந்த நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் அது காவல் காக்கும் நேரமே.

இதைச் சொகுசு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்களுள் பெற்றோரே முதலிடத்தில் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பர்ன்அவுட் எனப்படும் கடும் சோர்வு நிலை, பணியிடம் சார்ந்ததாக மட்டுமே வரையறுக்கப்பட்டுள்ளது. அதற்காகப் பெற்றோருக்கு அந்த நிலை வராது என்று கொள்ளக் கூடாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் இருவரும் தம் குழுவினருடன் 2018-இல் வெளியிட்ட 23 கூற்றுகள் கொண்ட அளவுகோல், பெற்றோரிடம் நான்கு மாற்றங்களைத் தேடுகிறது: பெற்றோர் என்ற பொறுப்பிலேயே ஏற்படும் அயர்ச்சி, "நான் முன்பு இப்படிப்பட்ட அம்மாவாக இல்லையே" என்ற வேதனை, பிள்ளைகளோடு இருப்பதில் இன்பம் அற்றுப்போதல், பாசத்தை வெளிப்படுத்த முடியாமல் உள்ளுக்குள் விலகிப்போதல். குழந்தைக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, தூங்க வைத்துக் கடமையெல்லாம் தவறாமல் நடக்கும். ஆனால் குழந்தை சிரிக்கும்போது முகத்தில் பதில் சிரிப்பு வராது. இந்தக் கடைசி மாற்றத்தைக் கேட்டறியும்போதுதான் நான் மிகவும் கவலைப்படுகிறேன், ஏனெனில் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்துவைப்பது இதைத்தான்.

அதே ஆய்வாளர்கள் தலைமையில் 42 நாடுகளில், 17,000-க்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. தனிமனிதப் போக்கு மேலோங்கிய சமூகங்களில் இந்தச் சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. குழந்தை வளர்ப்பை ஒருவரோ இருவரோ யார் துணையுமின்றித் தாங்க நேர்வதன் விலையாகவே நான் அதைப் படிக்கிறேன்.

இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் ஒரு நிமிடமும் கிடைக்காதவர்கள், எல்லோரும் தூங்கிய பிறகு கைப்பேசியைக் கையில் எடுக்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று நேரம் போகிறது. கண் எரிகிறது, ஆனாலும் படுக்க மனம் வருவதில்லை, ஏனெனில் அந்த நாளில் தம் விருப்பப்படி நடக்கும் ஒரே காரியம் அதுதான். வேறு எந்தத் தடையும் இல்லாதபோதும் படுக்கைக்குப் போவதைத் தள்ளிப்போடும் இப்பழக்கத்தை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் தனியே பெயரிட்டு ஆராய்ந்தார்கள். இதைச் செய்பவர்களை நான் கண்டிப்பதில்லை. அவர்களுடைய தேவை நியாயமானது. ஆனால் பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்பதால், அதிலிருந்து வெட்டி எடுக்கும் நேரத்தைச் சொந்த நேரமாக நான் தாளில் குறிக்க விடுவதில்லை. மறுநாள் காலையில் குழந்தை பாலைக் கொட்டியதும் எழும் கத்தலுக்கு, முந்தைய இரவின் அந்த இரண்டு மணி நேரமே பல வீடுகளில் காரணமாக இருக்கிறது.

எது ஓய்வு என்பதிலும் தெளிவு வேண்டும். வேலைக்குப் பின் மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஆராய்ந்த சபீனே சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் ஆகிய இருவரும் 2007-இல் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: மனம் வேலையிலிருந்து விலகுதல், உடல் தளர்தல், புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்தல், அந்த நேரத்தை என்ன செய்வது என்று தானே தீர்மானித்தல். பெற்றோருக்கு இவற்றில் நான்காவதே அரிதிலும் அரிது என்று நான் கருதுகிறேன். ஆகவே உடற்பயிற்சி செய்யுங்கள், புத்தகம் படியுங்கள் என்று நான் பட்டியல் தருவதில்லை. அதுவும் இன்னொருவர் இட்ட கட்டளையாகிவிடும். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார விரும்பினால், அதுவே போதும்.

பொறுப்பைக் கைமாற்றுவதுதான் கடினமான பகுதி. மேலே சொன்ன தாயும் அவர் கணவரும் வாரத்தில் ஒரு நாள், மாலை ஐந்து முதல் ஆறு வரை என்று பேசிவைத்தார்கள். முதல் வாரம் தாய் நடக்கப் போனார்; ஒரு மணி நேரத்துக்குள் வீட்டிலிருந்து நான்கு அழைப்புகள் வந்தன. டயப்பர் எங்கே, எந்தச் சட்டை, அழுகிறானே என்ன செய்வது என்ற கேள்விகள். இரண்டாம் வாரம், கிளம்புமுன் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுப் போனார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டுமே கைமாற்றம் ஆகாது. அவசரம் என்றால் மட்டும் அழைப்பது, எதை எங்கே தேடுவது என்பதைப் பார்த்துக்கொள்பவரே கண்டுபிடிப்பது, திரும்பி வருபவர் குறை சொல்லாமல் இருப்பது என்று அமர்வில் மூவருமாக உட்கார்ந்து முடிவு செய்தோம். மூன்றாம் வாரம் அவர் திரும்பியபோது, பெரியவனின் சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போடப்பட்டிருந்தன. கை தானாக அதைச் சரிசெய்யப் போனதாகவும், தடுத்துக்கொண்டதாகவும் என்னிடம் சொன்னார். இத்தனை ஆண்டுப் பணியில் நான் மிகவும் மதிக்கும் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

தந்தையரிடம் ஒரு சொல்லைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: "உதவி". தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தந்தை யாருக்கும் உதவி செய்யவில்லை. அவ்வாறே, முழுநேரமும் குழந்தைகளைக் கவனிக்கும் தந்தையருக்கும், வேலையிலிருந்து நேரே குழந்தைப் பொறுப்புக்குள் நுழையும் தந்தையருக்கும் இதே அளவு சொந்த நேரம் வேண்டும்.

குழந்தைகளுக்கு இதனால் தீங்கு வருமோ என்ற அச்சம் இயல்பானது. ஏறத்தாழ எட்டாம் மாதத்திலிருந்து குழந்தை பிரிவுக்கு அழத் தொடங்கும். அது வளர்ச்சியின் அறிகுறி. கண்ணில் படாமல் நழுவிப் போவதைவிட, சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வருவதே குழந்தைக்கு நல்லது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் "இருபது நிமிடம்" என்பது பொருளற்ற சொல்; "இந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டி முடிக்கும்வரை" என்றால் புரியும். தனியாக இருக்கும் திறன், அம்மா அருகில் இருக்க, அவரை அழைக்காமலே விளையாடும் பொழுதுகளில்தான் பிறக்கிறது என்று பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1958-இல் எழுதினார். ஆகவே குழந்தை தானே விளையாடிக்கொண்டிருக்கும்போது ஊடே புகுந்து பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை.

தனியாகக் குழந்தை வளர்ப்பவரிடம் "கைமாற்றுங்கள்" என்று சொல்வது எளிதல்ல என்பதை அறிவேன். அவர்களில் சிலர், ஒத்த வயதுக் குழந்தையுள்ள இன்னொரு பெற்றோருடன் வாரம் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். கைமாறு இருப்பதால் கேட்பதற்குக் கூச்சம் குறைகிறது.

சொந்த நேரத்தால் மட்டும் தீராதவையும் உண்டு. பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது, அதில் முதன்மையானது மனச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், குழந்தை தூங்கும்போதும் தூங்க இயலாமை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும்படியான எண்ணம் ஒருமுறை வந்தாலும், அருகில் இருக்கும் ஒருவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையை விட்டுவர ஆள் இல்லை என்பதால் அமர்வைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். குழந்தையோடே வாருங்கள், அழுதால் நடுவில் நிறுத்திவிட்டு, அமர்த்தியபின் தொடரலாம்.