சந்தன மரமும் அதன் அண்டை வேர்களும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சேர்வராயன் மலைச் சரிவுகளிலும், சித்தேரி, ஜவ்வாது மலைகளிலும் இயற்கையாக வளரும் சந்தன மரம், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. திருட்டு வெட்டுதான் காரணம் என்று சொல்லப்படுவது உண்மையே. ஆனால் வெட்டுண்ட இடத்தில் இன்னொரு மரம் எழுவது ஏன் அத்தனை அரிது என்பதற்கான விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. தனக்கு வேண்டிய மாவுச்சத்தைப் பெரும்பாலும் தன் பச்சை இலைகளிலேயே ஆக்கிக்கொள்ளும் இம்மரம், நீருக்கும் தாதுக்களுக்கும் அண்டைச் செடிகளை நாடுகிறது. முளைத்த நாற்று, விதையில் இருந்த சேமிப்பைக் கொண்டு சில காலம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் அதன் வேர் வேறொரு செடியின் வேரைத் தொட்டாக வேண்டும். தொட்ட இடத்தில் மணி வடிவில் வெளிறிய சிறு புடைப்பு ஒன்று உருவாகி அண்டை வேரை இறுகப் பற்றுகிறது. புடைப்பின் நடுவிலிருந்து ஆப்பு போல நீளும் திசு, பட்டையைத் துளைத்து, நீர் ஏறும் சைலக் குழாய்கள் வரை சென்றுவிடுகிறது. சந்தனத்தின் திசுக்களில் நீர் அழுத்தம் அண்டைச் செடியில் உள்ளதைவிடக் குறைவாக இருப்பதால், நீரும் அதில் கரைந்த தழைச்சத்துச் சேர்மங்களும் அதன் பக்கம் இழுபடுகின்றன. நாற்றங்கால்களில் கன்று இருக்கும் பையிலேயே துவரையையோ பொன்னாங்கண்ணியையோ சேர்த்து வளர்ப்பதும், நட்ட பிறகு அருகே சவுக்கு வைப்பதும் இதற்காகத்தான்.

மணம் தண்டு முழுவதிலும் இருப்பதில்லை. வெளிப்புறத்து மென்மரமான வெளிறில் வாசனை கிடையாது. பல ஆண்டுகள் கழித்து உள்ளே பாயும் வைரம் என்னும் நடுமரத்தில்தான், சாண்டலால் என்ற மணப்பொருள் மிகுந்த எண்ணெய் சேர்கிறது, அதுவும் வேரில்தான் அதிகம். எனவே மரத்தை வெட்டுவதோடு நிற்காமல் வேரையும் தோண்டி எடுக்கிறார்கள். வேர்க்கன்றுகள் மூலம் தானே துளிர்க்கக்கூடிய மரத்துக்கு இதைவிடப் பெரிய இழப்பில்லை. வைரம் பிடித்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாததால், இளமரங்களும் வீணாக வெட்டுப்படுகின்றன.

மிச்சமிருக்கும் வழி விதை. கருத்துப் பழுத்த கனிகளைத் தின்னும் கொண்டைக்குருவிகள் முட்புதர்களில் அமர்ந்து விதைகளை உதிர்க்கின்றன. அந்தப் புதரே நாற்றுக்கு நிழலாகவும், ஆடு மாடுகளிடமிருந்து காப்பாகவும், பற்றிக்கொள்ள வேராகவும் அமைகிறது. மனிதர் போடும் எந்த நாற்றங்காலும் இதற்கு ஈடாகாது என்பேன். கோடையில் சரிவுகளில் பரவும் தரைத்தீ, அந்தப் புதரையும் அதனடியில் வேர் பற்றிய நாற்றையும் ஒன்றாகவே எரித்துவிடுகிறது.