போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான்

ஆயில் மாற்றிவிட்டு, பைக்கின் ட்ரெயின் போல்ட்டை, அதாவது பழைய ஆயிலை வடிக்கும் துளையின் போல்ட்டை, முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒழுகிவிடக் கூடாதே என்று இன்னொரு கால் சுற்று. சட்டென்று கை லேசானது. அலுமினிய என்ஜினில் மரை போய்விட்டது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையை வைத்துத்தான் சரிசெய்ய முடிந்தது.

போல்ட் இறுகும்போது உண்மையில் அது நீள்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கிற இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நீட்சி போதாவிட்டால் வண்டியின் அதிர்வில் கழன்றுவரும். மிஞ்சினால் மரை பிய்யும், அல்லது போல்ட்டே முறியும்.

அளவோடு இறுக்க உதவுவது டார்க் ரெஞ்ச். ஆனால் இந்த நீட்சியை அது அளப்பதில்லை. நாம் முறுக்கும் விசையை மட்டுமே அளக்கிறது. அந்த முறுக்குவிசையில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், 40 சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடும். போல்ட்டை நீட்டுவது மிச்சமுள்ள 10 சதவீதம்தான். அதனால்தான் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை ஆயில் படிந்த மரைக்கு அப்படியே வைப்பது ஆபத்து. உராய்வு குறைந்த அளவுக்கு நீட்சி கூடிவிடும்.

டார்க் ரெஞ்சில் விலை குறைவானது பீம் வகை. எஃகுத் தண்டு வளையும், வளையாத முள் அளவைக் காட்டும். கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நேருக்கு நேர் பார்த்துப் படிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்தபடி அது சிரமம். கிளிக் வகையின் கைப்பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. வைத்த அளவை எட்டியதும் உள்ளே ஒரு சிறு கட்டை சாய்ந்து ‘டக்’ என்னும். அதற்குப் பிறகும் இழுத்தால் போல்ட் இறுகிக்கொண்டேதான் போகும். முதல் ‘டக்’கில் கையை எடுத்துவிட வேண்டும்.

கடையில் பெரும்பாலும் காட்டுவது கார் சக்கரத்துக்கான, அரை அங்குலச் சதுர முனை கொண்ட ரெஞ்ச். 200 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) வரை போகும். பைக்குக்கு முதல் ரெஞ்சாக அதை வாங்காதீர்கள். ஐஎஸ்ஓ 6789 தரவிதி கிளிக் ரெஞ்சுக்கு ±4 சதவீதப் பிழையை அனுமதிக்கிறது. ஆனால் அது உச்ச அளவின் 20 சதவீதத்துக்கு மேல்தான் பொருந்தும், இந்த ரெஞ்சில் 40 நியூட்டன் மீட்டருக்கு மேல். பைக்கில் 6 மி.மீ. போல்ட் பலவற்றுக்கும் 10 நியூட்டன் மீட்டரே போதும். ட்ரெயின் போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 30. மரை போவதும் இங்கேதான். 10 முதல் 50, 60 வரை அளக்கும் 3/8 அங்குல கிளிக் ரெஞ்சை முதலில் வாங்குங்கள். பின்சக்கர ஆக்சில் நட்டுக்கு ஒரு பீம் ரெஞ்ச் போதும்.

மலிவான ரெஞ்சை நம்பலாமா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். 20-இல் வைத்து, சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்சைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். கைப்பிடியின் நடுவில் வாளியைத் தொங்கவிட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ‘டக்’ கேட்டதும் வாளியை எடை போடுங்கள். முனையிலிருந்து கைப்பிடி நடு வரை 30 செ.மீ. என்றால் 6.8 கிலோ வர வேண்டும். ரெஞ்சின் சொந்த எடையும் சேர்ந்து இழுக்குமே! ஒரு கிலோ ரெஞ்ச், முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளிச் சமநிலை கொண்டால் அது மட்டும் 1.5 நியூட்டன் மீட்டர். அதைக் கழித்தால் 6.3 கிலோ. கால் கிலோ முன்பின் இருந்தால் நல்ல ரெஞ்ச்தான்.

வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வையுங்கள். ஸ்பிரிங் இறுகியே கிடக்கக் கூடாது. இறுகிய போல்ட்டைக் கழற்றவும் அதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குச் சாதாரண ஸ்பேனர் இருக்கிறது.