படகுக் கட்டணம் எங்கே கட்டுவது?

செய்திகள் உண்மையா என்று சரிபார்ப்பது என் வேலை. போன மழைக்காலத்தில் மாம்பலத்திலிருந்து பெரியவர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, தெருவுல தேங்குற தண்ணில படகு நிறுத்தினா மணிக்கு 40 ரூபாயாமே? எங்க தெருவுக்கும் உண்டா? எங்க போய்க் கட்டணும்?" நிஜமாகவே பதறியிருந்தார்.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நியூஸ் கார்டைப் பார்த்தேன். செய்தி சேனல்கள் போடுவது போலவே சிவப்புப் பட்டை, தேதி எல்லாம் இருந்தது. மூலப் பதிவைத் தேடிப் பிடித்தோம். அதில் கீழ் ஓரத்தில் 'நையாண்டி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தபோது அந்த ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. தண்ணீர் வடியாத தெருக்களைப் பார்த்து வயிறெரிந்து ஒருவர் எழுதியது, ஓரம் போனதும் அரசு அறிவிப்பாகிவிட்டது.

இப்படி ஏமாறுகிறவர்களைக் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது நையாண்டியை, செம்பொருள், பழிகரப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. முதலாவது நேரடியாக வசைபாடுவது. அதில் யாருக்கும் குழப்பம் வராது. இரண்டாவதில் பழி உள்ளே மறைந்திருக்கும்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டையே பாருங்கள். அதியமானுக்காக ஔவையார் பகை மன்னன் தொண்டைமானிடம் தூது போகிறார். அவனுடைய படைக்கலங்களைப் பார்த்து, இவை மயில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன என்கிறார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றனவாம். கேட்கத் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. 'உன் வேல் இன்னும் போரையே பார்க்கவில்லை' என்பதுதான் உள்ளே இருப்பது. அதியமானைத் தெரியாத ஒருவரிடம் இந்த வரிகளை மட்டும் நீட்டினால், தொண்டைமான்தான் பெரிய வீரன் என்பார். அது அவர் குற்றமா?

2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' படத்தில் மன்னனாக வடிவேலு வந்தபோது இந்தச் சிக்கல் எழவில்லை. கொட்டகைக்குள் நுழையும்போதே இது கேலி என்று நமக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. போனில் வரும் கார்டுக்கு அது கிடையாது.

அதனால் ஒரு கார்டு வந்தால், அடி யார் மேல் விழுகிறது என்று முதலில் பாருங்கள். ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று 1729இல் அயர்லாந்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் கணக்கே போட்டு எழுதினார். அந்த அடி விழுந்தது அயர்லாந்து ஏழைகள் மேல் இல்லை, அவர்களைப் பிழிந்தவர்கள் மேல். அப்புறம், கார்டு தயாரிப்பவர்களுக்கு: 'நையாண்டி' என்பதைப் படத்தின் நடுவில் போடுங்கள். சிரிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு கார்டு அனுப்பி, "தம்பி, இது அந்த இரண்டில் எது?" என்று கேட்டிருந்தார். இரண்டும் இல்லை, சார். பிழைக்க வந்த வெளியூர்த் தொழிலாளர்கள் மேல் திருட்டுப் பழி போடும் வெறும் பொய் அது. அன்று சாயங்காலமே அதைப் பொய் என்று எழுதி வெளியிட்டோம்.