எஞ்சின் செய்து வந்த லொறி ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்டரிக் கடைக்கு ஓடாதீர்கள்

விடியற்காலை நான்கரைக்கு போன் அடித்தால் அது பெரும்பாலும் மரக்கறி லொறிதான். போன மாதம் அடித்தது கந்தப்பளைப் பக்கமிருந்து. "அண்ணே, லீக்ஸும் கரட்டும் ஏத்தி நிக்குது, தம்புள்ளைக்குப் போகணும். சாவியத் திருப்பினா டக்டக்குனு சத்தம் மட்டுந்தான் வருது" என்றார் டிரைவர். நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கிட்டடியில வண்டியில யாரு கை வச்சாங்க?"

கதை நீளமானது. ரம்பொடை ஏற்றத்தில் சூடேறி ஹெட் கேஸ்கட் போய், எஞ்சினை இறக்கி, ரிங், பெயாரிங் எல்லாம் மாற்றி, பத்து நாள் கராஜில் கிடந்து வந்த வண்டி அது. வந்த முதல் இரண்டு நாள் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. "பெட்டரி செத்துப்போச்சு" என்றார்கள். முதலாளி இரண்டு புதிய பெட்டரி வாங்கினார். பிறகு "ஸ்டார்டர் போச்சு" என்றார்கள். கழற்றி மேசையில் வைத்து கரண்ட் கொடுத்தால் பம்பரமாகச் சுற்றியது. வயரிங் தெரிந்த ஒரு பையன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தான், எல்லா இடத்திலும் பல்ப் பளிச்சென்று எரிந்தது. அப்புறம் என்ன? நாலு நாளாகச் சரிவில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இருபது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். எஞ்சின் செய்து வந்ததும் ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால், பழுதான சாமானைத் தேடுவதற்கு முன்னால் கை பட்ட இடத்தைத்தான் தேடுவேன். எஞ்சினை இறக்கும்போது எத்தனை பிளக் கழற்றுகிறார்கள், எத்தனை போல்ட் இடம் மாறுகிறது என்று நினைத்துப் பாருங்கள். போன வாரம் வரை நன்றாக இருந்த ஸ்டார்டரும் பெட்டரியும் எஞ்சின் செய்த அதே வாரத்தில் தற்செயலாகச் சாவது அபூர்வம்.

அன்று போய் முதலில் செய்தது மீட்டரை எடுத்தது அல்ல. ஹெட் லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். பெட்டரி சோர்ந்திருந்தால் ஸ்டார்டர் இழுக்கும்போது லைட் செத்து மங்கும். இங்கே டக்டக் சத்தம் வந்தது, ஆனால் லைட் மங்கவே இல்லை. அப்படியென்றால் ஸ்டார்டருக்குப் போக வேண்டிய பெரிய கரண்ட் போகவே இல்லை. பாதையில் எங்கோ தடை.

மலைநாட்டில் ஓடுகிற சின்ன ஜப்பான் லொறிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பெட்டரியைத் தொடுத்து 24 வோல்ட். மைனஸ் கேபிள் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வந்து நிற்கும். ஆனால் எஞ்சின் சேஸிஸில் நேரடியாக உட்கார்ந்திருப்பதில்லை, ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கோ கியர்பொக்ஸுக்கோ பின்னல் மாதிரி ஒரு தட்டையான எர்த் வயர் போகும். ஸ்டார்டருக்கு மைனஸ் அந்த வயர் வழியாகத்தான். பிளஸ் கேபிளை எல்லோரும் பார்க்கிறார்கள். இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கறுப்பு கிரீஸ் அப்பி அடியில் கிடக்கும்.

மீட்டரை 24 வோல்ட்டுக்கு மேல் காட்டும் டிசி அளவில் வைத்து, ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸ் முளையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் நம்பர் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் துள்ளியது. நல்ல வண்டியில் இது அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். பிளஸ் பக்கத்தையும் அப்படியே பார்த்தேன், அங்கே குறையில்லை.

எர்த் வயர் கழன்று தொங்கவில்லை. மாட்டித்தான் இருந்தது, போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தால், வயரின் கண்ணுக்கு அடியில் சாம்பல் நிறப் பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. எஞ்சின் புதுசு போலத் தெரிய வேண்டும் என்று யாரோ கியர்பொக்ஸ் வரைக்கும் ஸ்ப்ரே அடித்து, அதன் மேலேயே வயரை இறுக்கியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் போல்ட்டின் புரி வழியாகக் கொஞ்சம் கரண்ட் போயிருக்கும். ஆட்டத்தில் அதுவும் போய்விட்டது.

சரி, அந்தப் பையனின் டெஸ்ட் லாம்ப் ஏன் எரிந்தது? பல்ப் கேட்பது ஒரு ஆம்பியர்கூட இல்லை. ஸ்டார்டர் கேட்பது இருநூறு ஆம்பியருக்கு மேல். நூல் போல ஒழுகுகிற பீலியில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடிக்கலாம். அதை நம்பி லயத்தில் எல்லோரும் குளிக்க நிற்க முடியாது. ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதும் அதே ஏமாற்றுத்தான். வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியருக்கு 10 வோல்ட் அங்கேயே போய்விடும். நம் கையிலுள்ள சாதாரண மீட்டரின் வயரே அதைவிட அதிகத் தடை உள்ளது, அதனால் அந்த 0.05 கண்ணில் படாது. சாவியைத் திருப்பி, கரண்ட் இழுக்கும் நேரத்தில்தான் வோல்ட் பார்க்க வேண்டும்.

மீட்டர் இல்லாத டிரைவருக்கு ஒரு வழி உண்டு. தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, சேஸிஸுக்குப் போகிற மைனஸ் முளையிலிருந்து எஞ்சினின் வெறும் இரும்புக்கு மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். உடனே சுற்றினால் எர்த்தில்தான் கோளாறு. ஆனால் கவனம், இரண்டு பெட்டரியையும் இணைக்கிற நடுத் துண்டில் மாட்டிவிடாதீர்கள். அங்கே சேஸிஸைவிட 12 வோல்ட் அதிகம் இருக்கிறது. எஞ்சினில் வைத்த கணமே நேர் ஷோர்ட், தீப்பொறி முகத்தில் அடிக்கும்.

நான் எழுத உட்கார்ந்த காரணம் இனிமேல்தான் வருகிறது. போல்ட்டைக் கழற்றும்போது என் கை அக்சலரேட்டர் கேபிளில் பட்டது. எஞ்சின் ஓடாமலே அது சுட்டது. மேல் உறை ஓரிடத்தில் உருகிக் குமிழ் விட்டிருந்தது. எர்த் வயரில் வழி கிடைக்காத கரண்ட், எஞ்சினையும் கெபினையும் தொடுகிற வேறு எந்த உலோகத்திலாவது ஏறித் திரும்பும். இங்கே கிடைத்தது அந்தக் கேபிள். உருட்டி ஸ்டார்ட் செய்துவிட்டால் "ஓடுதே" என்று நினைக்கிறோம். ஓடும்போதும் பெட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்டர்னேட்டர் எஞ்சினில்தான் பூட்டியிருக்கிறது, சார்ஜ் கரண்டும் அதே கேபிள் வழியாகத்தான் திரும்புகிறது. உள்ளே உருகி, பெடலை விட்டாலும் கேபிள் திரும்பாமல் சிக்கினால்? ரம்பொடை இறக்கத்தில், பின்னால் நாலு டொன் கரட்டுடன்?

உருட்டுவதே இந்த மலையில் தனி ஆபத்து. எஞ்சின் ஓடாத லொறிக்கு பிரேக்குக்கு உதவுகிற வேக்கூமும் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. இருந்த வேக்கூம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அதற்குள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பாதை முடிவதற்கு முன் வளைவு வந்துவிடும். நுவரெலியாவில் தை மாதக் குளிரில் எண்ணெய் தடித்து, பெட்டரியும் பலம் குறைந்து நிற்கும் காலையில் எல்லோரும் கையிலெடுக்கிற வித்தைதான் இது. ஒருநாள் அவசரத்துக்குச் செய்வதையே நான் விரும்பமாட்டேன். நாலு நாள் என்பது உயிரோடு விளையாடுவது.

எல்லா வண்டியிலும் எர்த்தே குற்றவாளி என்று சொல்லவரவில்லை. சத்தமே வராவிட்டால், ஸ்டார்டரின் சின்ன வயருக்கு சாவி திருப்பும்போது கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில், கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆக விடுகிற நியூட்ரல் சுவிட்ச் இருக்கும். கியர்பொக்ஸ் இறக்கியபோது அதன் பிளக்கை மாட்ட மறந்திருப்பார்கள். ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், பழைய டீசல் பம்ப் என்றால் டீசலைத் திறந்துவிடுகிற சோலனாய்ட் வயர், கம்ப்யூட்டர் டீசல் அடிக்கிற கொமன் ரெயில் எஞ்சின் என்றால், எஞ்சின் சுற்றுவதை அதற்குச் சொல்லுகிற கிராங்க் சென்சரின் பிளக், இவற்றைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்டரை ஷோர்ட் அடித்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால், கியரில் இல்லையென்று கையால் ஆட்டிப் பார்க்காமல் தொடாதீர்கள். வண்டி உங்கள் மேலேயே பாயும்.

அன்று வேலை முக்கால் மணி நேரம்தான். பெட்டரி மைனஸைக் கழற்றி, எமரித் தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் வயரை மாட்டி, மேலே கிரீஸ் பூசினேன். மீட்டரில் 0.3 வோல்ட். ஒரு தட்டில் எஞ்சின் பிடித்தது. கேபிள் மாற்றாமல் இறக்கத்தில் போக விடமாட்டேன் என்றேன். முதலாளிக்குக் கோபம், லீக்ஸ் வாடுகிறதாம். கடைசியில் வேறு லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தப் பழைய பெட்டரி இரண்டையும் கேட்டேன், நல்லதாக இருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாமே என்று. புதிய பெட்டரி வாங்கிய கடையிலேயே விலைக்குக் கழித்துக் கொடுத்துவிட்டாராம்.

கழற்றிய கேபிளை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். உள் குழாய் உருகி, கம்பியோடு ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டியிருந்தது. இப்போது என் கராஜ் சுவரில் ஆணியில் தொங்குகிறது. "ஓடுதே அண்ணே, அடுத்த கிழமை பாப்போம்" என்று யாராவது வந்தால், எடுத்து அவர்கள் கையில் கொடுப்பேன்.