சந்தா பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

தொழில்முறைச் சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் உங்களை 3,000 பேர் பின்தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் துறையைப் பற்றி யோசித்து, திருத்தி, ஒரு நல்ல பதிவு போடுகிறீர்கள். அது 3,000 பேரையும் போய்ச் சேராது. ஒருவர் ஆப்பைத் திறக்கும் நொடியில் அவருக்காகக் காத்திருக்கும் ஏராளமான பதிவுகளுக்கு அல்காரிதம் மதிப்பெண் போடுகிறது. இவர் இதற்கு லைக் போடுவாரா, கருத்து எழுதுவாரா, நின்று படிப்பாரா என்று ஒவ்வொன்றையும் கணித்து வரிசைப்படுத்துகிறது. ஒருவர் ஒரு பதிவில் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதையும் இந்த வரிசைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வதாக லிங்க்ட்இன் பொறியாளர்களே 2020-இல் விளக்கியிருக்கிறார்கள். வரிசையில் கீழே போன பதிவு யார் கண்ணிலும் படாமலேயே பழசாகிவிடும்.

அதே தளத்தில் நீங்கள் ஒரு நியூஸ்லெட்டர், அதாவது சந்தாதாரர்களுக்கு இதழ் இதழாக வரும் மடல், தொடங்கினால் பாதை வேறு. சந்தா என்பது வாசகர் ஒருமுறை கொடுத்துவிட்ட நிரந்தர உத்தரவு. புது இதழ் வெளியானதும், இது யாருக்குப் பிடிக்கும் என்ற கணிப்புக்காகக் காத்திருக்காமல், தளம் சந்தாதாரர் பட்டியலை எடுத்து அறிவிப்பு அனுப்புகிறது. ஆப்பில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. அறிவிப்புகளை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு அது போகாதுதான். ஆனாலும் யாருக்குக் காட்டுவது என்ற முடிவு இயந்திரத்தின் கையிலிருந்து பெருமளவு வாசகரின் கைக்கு வந்துவிடுகிறது. சமூக வலைத்தள நியூஸ்லெட்டரின் பலம் முழுக்க இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது. பலவீனமும் இங்கேதான் தொடங்குகிறது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் இதழ் வெளியாகும்போது இன்னொன்றும் நடக்கும். உங்கள் தொடர்புகளுக்கும் பின்தொடர்பவர்களுக்கும் சந்தா சேரச் சொல்லித் தளமே அழைப்பு அனுப்புகிறது. மின்னஞ்சல் முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டாம், உறுதிப்படுத்தும் கடிதத்தைத் தேடிப் போக வேண்டாம், ஒரு தட்டு போதும். அதனால் முதல் சில நாட்களில் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறுகிறது. புதிதாக எழுத வருபவர்கள் பலர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் தங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் உருவாகிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். என் பார்வையில் அது இன்னும் வட்டம் ஆகவில்லை. உழைப்பில்லாமல் எடுத்த முடிவை மறப்பதும் எளிது. தகவல் பெருகப் பெருக, அது தின்னும் பண்டமான கவனம் பஞ்சமாகிறது என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-இலேயே சொல்லிவிட்டார். உங்களுக்குச் சந்தா கொடுத்த அதே விரல் இன்னும் பல நியூஸ்லெட்டர்களுக்கும் கொடுத்திருக்கும். மூன்றாவது, நான்காவது இதழையும் திறக்கிறவர்களை எண்ணினால்தான் உண்மையான கணக்கு தெரியும்.

சரி, திறந்து படிக்கிற அந்தச் சிலரால் தொழிலுக்கு என்ன பயன்? இங்கே சமூகவியல் உதவிக்கு வருகிறது. மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். தகவல் சொன்ன அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிமையானது. உங்கள் நெருங்கிய சகாக்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். தூரத்துப் பழக்கமுள்ளவர் வேறொரு வட்டத்தில் இருப்பதால் புதிய செய்தி அவரிடமிருந்துதான் வருகிறது. இதற்குப் 'பலவீனமான இணைப்புகளின் பலம்' என்று பெயர்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து இது மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. கார்த்திக் ராஜ்குமார், எரிக் பிரின்யால்ஃப்சன், சினான் ஆரல் உள்ளிட்டோர் 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, லிங்க்ட்இன்னில் 'உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்' என்று காட்டும் பகுதியில் ஐந்தாண்டுக் காலம் நடந்த சோதனைகளை ஆராய்ந்தது. 2 கோடிப் பேர், 200 கோடிப் புதிய இணைப்புகள், 6 லட்சம் புதிய வேலைகள். வேலை மாறுவதற்கு மிகக் குறைவாக உதவியவை நெருக்கமான இணைப்புகள். ஆனால் முற்றிலும் அந்நியமானவையும் முதலிடம் பெறவில்லை. ஓரளவு பொதுத் தொடர்புகள் உள்ள, மிதமான பலவீனம் கொண்ட இணைப்புகள்தான் அதிகம் உதவின. துறைக்குத் துறை வித்தியாசமும் இருந்தது. டிஜிட்டல் சார்ந்த துறைகளில் பலவீனமான இணைப்புகளும், அப்படிச் சாராத துறைகளில் நெருக்கமானவையும் கூடுதல் பலன் தந்தன.

நியூஸ்லெட்டரின் வேலை இந்த மிதமான தூரத்து மனிதர்களிடம்தான் என்று நான் நினைக்கிறேன். மானுடவியலாளர் ராபின் டன்பார் சொல்லும் கணக்குப்படி ஒருவரால் நிலையாகப் பேண முடிகிற உறவுகள் 150 அளவில்தான். அதற்கு வெளியே இருக்கும் ஆயிரம் பேரிடம் மாதந்தோறும் நலம் விசாரிக்க யாராலும் முடியாது. ஒரு நல்ல இதழ் அந்த ஆயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில், இவர் இந்த விஷயத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நினைவூட்டுகிறது. வெறுமனே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதே விருப்பத்தைக் கூட்டும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டினார். அதனால் குறித்த நாளில், ஒரே தலைப்பின் கீழ் வருவதற்கே ஒரு மதிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்து அவர்கள் நிறுவனத்தில் அந்த விஷயம் ஒரு சிக்கலாக எழும்போது நினைவுக்கு வரும் பெயர் உங்களுடையதாக இருக்க வாய்ப்பு கூடுகிறது.

புதிய வாசகர்கள் வருவது பழைய வாசகர்கள் வழியாக. ஒருவர் உங்கள் இதழின் கீழ் கருத்து எழுதினால், அது அவருடைய தொடர்புகளின் ஃபீடில் தலைகாட்டக்கூடும். இதில் ஒரு விந்தையான கணிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. ஒருவருடைய நண்பர்களுக்குச் சராசரியாக அவரைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் நிறுவினார். நிறைய தொடர்பு உள்ளவர்கள் நிறைய பேரின் பட்டியலில் இடம்பெறுவதால் வரும் விளைவு இது. ஆகவே சாதாரணமான ஒரு வாசகர் எடுத்துப் பேசினாலும், கேட்பவர்களில் பெரிய வட்டம் உள்ளவர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். பரவலில் தற்செயலுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் தனித்தனி இணைய உலகங்களில் ஒரே பாடல்களைக் கேட்டார்கள். மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்று தெரிந்த உலகங்களில், எந்தப் பாடல் உச்சிக்குப் போகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ஒரு இதழ் வெடித்துப் பரவினால் அதே மாதிரி இன்னொன்றை எழுதிப் பார்ப்பது இயல்பு, ஆனால் அது மறுபடி பரவும் என்று நம்பி உட்காரக் கூடாது.

வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதும் கணக்குத்தான். ஒரு பக்கம் குழாயில் நீர் விழுந்து, அடியில் ஓட்டையும் உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழுக்கும் 40 பேர் புதிதாகச் சேர்ந்து, இருப்பவர்களில் 2 சதவீதம் பேர் விலகினால், 2,000 பேரில் எண்ணிக்கை நின்றுபோகும், ஏனென்றால் 2,000-இன் 2 சதவீதமும் 40-தான். விலகலை 1 சதவீதமாகக் குறைத்தால் உச்சவரம்பு 4,000 ஆகிறது. புதியவர்களைத் தேடிப் பிடிப்பதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியை, இருப்பவர்கள் ஏன் போகிறார்கள் என்று புரிந்துகொள்வதற்குச் செலவிடலாம் என்று நான் சொல்வது இதனால்தான். பெரும்பாலும் காரணம், இதழ் தான் சொன்ன விஷயத்தை விட்டு விலகி எழுதியவரின் சாதனைப் பட்டியலாக மாறியிருப்பது.

மின்னஞ்சல் பக்கத்திலும் தளம் ஒரு உதவி செய்கிறது. புதிய முகவரியிலிருந்து மொத்தமாக அஞ்சல் அனுப்பினால், ஸ்பேம் எனப்படும் வேண்டாத அஞ்சலைத் தடுக்கும் வடிகட்டிகள் சந்தேகப்படும். நாளுக்கு 5,000-க்கும் மேல் தன் பயனர்களுக்கு அனுப்புபவர்கள், அனுப்புநர் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கேட்கிறது. சமூக வலைத்தள நியூஸ்லெட்டரில் இந்தத் தொழில்நுட்பச் சுமை தளத்தின் தலையில். எழுதுபவர் எழுதினால் போதும்.

இப்போது பலவீனத்துக்கு வருவோம். லிங்க்ட்இன் உங்கள் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் முகவரிகளை உங்களுக்குத் தருவதில்லை. யார் யார் என்று பார்க்கலாம், பட்டியலை எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. ட்விட்டர் 2021 ஜனவரியில் ரெவ்யூ என்ற நியூஸ்லெட்டர் சேவையை வாங்கியது, 2023 ஜனவரியில் மூடியது. ஃபேஸ்புக் 2021-இல் புல்லட்டின் என்ற சேவையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இரண்டும் மிகப் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தவை. இப்படி ஒரு சேவை மூடப்படும்போது முகவரிப் பட்டியல் கையில் உள்ள எழுத்தாளர் வேறு இடத்தில் தொடரலாம். இல்லாதவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அளவீட்டிலும் கவனம் வேண்டும். ஒரு மின்னஞ்சல் திறக்கப்பட்டதா என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் ஏற்றப்படுவதை வைத்துத்தான் வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதை இயக்கியவர்களின் அஞ்சல்களில் அந்தப் படத்தை வாசகர் திறக்காவிட்டாலும் முன்கூட்டியே ஏற்றிவிடுகிறது. திறப்பு விகிதம் உப்பித் தெரிவது இதனால். பதில் எழுதுகிறவர்கள், கேள்வி கேட்கிறவர்கள், உங்கள் இதழைத் தன் குழுவுக்கு அனுப்பியதாகச் சொல்கிறவர்கள் ஆகியோரை எண்ணுவது நம்பகமானது. அவர்கள் கேட்கும் கேள்வி அடுத்த இதழுக்கு விஷயமும் தரும்.

தளத்தின் நியூஸ்லெட்டரையும் சொந்த முகவரிப் பட்டியலையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சரியான ஏற்பாடு என்பது என் முடிவு. அறிமுகமும் பரவலும் தளத்தில் நடக்கட்டும். தொடர்ந்து படிக்கிறவர்கள் தங்கள் முகவரியை விருப்பப்பட்டுத் தருவதற்கு, உங்களுக்குச் சொந்தமான ஒரு பக்கத்தின் இணைப்பு ஒவ்வொரு இதழின் முடிவிலும் இருக்கட்டும். அங்கே போனால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். விரிவான கணக்குத்தாளோ, மாதிரிப் படிவமோ, முந்தைய இதழ்களின் தொகுப்போ, உண்மையில் பயன்படுகிற எதுவானாலும் சரி. 100 சந்தாதாரர்களில் 5 பேர் தட்டினாலும் அந்த 5 முகவரிகள் உங்கள் கையில் இருக்கும். இதை முதல் இதழிலேயே செய்ய வேண்டும், ஏனென்றால் தளத்தின் அழைப்பால் எண்ணிக்கை மிக வேகமாக ஏறுவது அந்த முதல் சில நாட்களில்தான்.